மொரிஸ் மைனரும் நமது கராஜ் பாஸ்மாரும்

பிரித்தானியப் பழங்கார்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எம்.ஜி., ஒஸ்டின் ஹீலி, ட்ரயம்ப் என இரு ஆசனங்களும் திறந்த கூரையும் கொண்ட றோட்ஸ்டர் வண்டிகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. மேலைநாடுகளில் அவற்றை வாங்கிச் செப்பனிட்டுப் பேணுவது ஒரு பொழுதுபோக்கு. நமது கிழக்குக் கரையிலோ பழங்காரைச் செப்பனிடுவது பிழைப்பாக இருந்தது. சொறிக்கல்முனை, சம்மாந்துறை, கல்முனை வீதிகளில் நான் அதிகம் கண்ட பழங்கார் மொரிஸ் மைனர்தான்.

றோட்ஸ்டருக்கும் இதற்கும் என்ன உறவு என வாசகர் வினவலாம். நெருங்கிய உறவுதான். 1958இல் வெளிவந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் சிறு றோட்ஸ்டரில் பொருத்தப்பட்டது, 1956 முதல் மொரிஸ் மைனர் 1000இல் இருந்த அதே 948 சிசி 'ஏ' வரிசை இயந்திரமே. ஸ்டியரிங் பொறியையும் மைனரிடமிருந்தே ஸ்பிரைட் பெற்றது. எம்.ஜி. என்ற பெயரும் மொரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கமே.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். மாதிரி வண்டி ஒடுங்கித் தோன்றியதால் அதனை நடுவே பிளந்து 4 அங்குலம் அகலப்படுத்தினார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அதன் தடயம். 1948இல் விற்பனைக்கு வந்த இக்கார், 1960 டிசம்பரில் பத்து இலட்சத்தை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் ஆயிற்று. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 16 இலட்சம் கார்கள் வெளிவந்திருந்தன.

இலங்கையில் இக்காரின் முகத்தில் நாட்டின் அரசியலும் எழுதப்பட்டது. 1956இன் பிற்பகுதியில் இரு துண்டாக இருந்த முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியாக மாறியது. 1957 ஜனவரி முதல் இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துகள் போய்ச் சிங்களச் 'சிறீ' வந்தது. ஆகவே இரட்டைக் கண்ணாடி மைனரில் பெரும்பாலும் ஈ.எல்., ஈ.என். போன்ற எழுத்துகளும், ஒற்றைக் கண்ணாடி மைனரில் சிறீயும் காணப்படும். 1958இல் வடக்குக் கிழக்கில் சிறீ எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. பண்டா செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டதும், இனக்கலவரம் வெடித்ததும் அதே ஆண்டில்தான்.

பின்னர் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. 1960களில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது; 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை புதுக்கார் என்பது கைக்கெட்டாக் கனியாகவே இருந்தது. வந்திறங்கிய பழைய வண்டியை ஓடவைப்பதே ஒரே வழி. மைனர் நெடுங்காலம் வாழ்ந்ததற்கு ஆங்கிலேயரின் கைவண்ணத்தை மட்டும் புகழ்வது நியாயமன்று. பாதிப் புகழ் நமது பாஸ்மாருக்கு உரியது.

உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் கார்களின் முதற் பகை கறள். மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது, உடலே எலும்புக்கூடு. எனவே அடித்தகட்டைக் கறள் தின்றால் வண்டியே முறியும். முன்சக்கரத்தின் கீழ்மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் பூசாவிட்டால் சக்கரம் ஓட்டத்திலேயே மடிந்துவிடும். ஈயமற்ற பெற்றோல் வந்தபின் வால்வு இருக்கைகளும் தேயலாயின. உதிரிப்பாகம் கிடைக்காதவிடத்து நமது பாஸ்மார் வேறு வண்டியின் பாகத்தைக் கடைந்து பொருத்தினர். தகட்டைத் தட்டி உருவாக்கினர்.

சொறிக்கல்முனை விவசாயி ஒருவரின் மைனரை நான் நன்கறிவேன். திருச்சிலுவை ஆலயத் திருவிழாவுக்கும் வயலுக்கும் அதுவே வாகனம். அதனைப் பழுதுபார்த்தவர் கல்முனையைச் சேர்ந்த முஸ்லிம் பாஸ் ஒருவர். 1990இல் அம்பாறை மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் குருதியை ஒருவர் சிந்திய நாட்களில் அந்தப் பாதை அடைபட்டது. கார் மாமர நிழலில் நெடுநாள் கிடந்தது. வேறு கராஜுக்குக் கொண்டுபோகலாமே எனக் கேட்டேன். "காக்காவின்ர கை பட்ட வண்டி, வேறாள் தொட்டால் கெட்டுப்போகும்" என்றார். நிலைமை தணிந்தபின் அவ்விருவரிடையே முதலில் மீண்டது கராஜ் உறவே. சமாதானக் குழுக்கள் பலவற்றைப் பற்றி நான் செய்தி எழுதியிருக்கிறேன், இதனை எழுதவில்லை. அக்காலத்தில் இது செய்தி எனப் பத்திரிகைகள் கருதுவதில்லை.

அதே 1990களில், பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்ட யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடியவையும் ஒஸ்டின், மொரிஸ் கார்களே. தாழ்ந்த அழுத்த விகிதம் கொண்ட அப்பழைய இயந்திரங்கள் தரம் குறைந்த எரிபொருளையும் தாங்கின.

வரலாறு திரும்பவும் வந்தது. 2020 மார்ச்சில் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளும் பழையதைப் பழுதுபார்க்கும் கலையை நாடு மீண்டும் நம்பியிருந்தது. ஆனால் அக்கலையைக் கையில் வைத்திருந்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது.

இஸிகோனிஸின் பெயர் நூல்களில் உண்டு. நமது பாஸ்மாரின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எங்கெங்கோ வாழும் அன்பர்களே, உங்கள் தந்தையின் காரைத் தொட்ட கை யாருடையது என்பதை, அறிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.