பழைய வீட்டுக் கணினி நின்றுபோனால்: கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பாகான் நக்கோடா ஓமார் போன்ற கடலோர ஊரில் கணினி கெட்டுப்போவதும் கோலாலம்பூரில் கெட்டுப்போவதும் ஒன்றல்ல. தலைநகரில் இருப்பவர் லோ யாட் பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி விலை கேட்கலாம். இங்கிருந்து அதே கடைக்குப் போக நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்ட வேண்டும். பக்கத்தில் என்றால் சுங்கை பெசார் அல்லது சபாக் பெர்ணம். வேண்டிய பாகம் அங்கே கையிருப்பில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் அந்த ஒரே கணினியில்தான் தம்பியின் எஸ்பிஎம் பயிற்சிகள், அப்பாவின் லோரிக் கணக்கு, பாட்டி உயிரோடு இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. அதனால் பதற்றம் வருவது இயல்பு. பதற்றத்தில் செய்யும் சில வேலைகள்தான் இருப்பதையும் கெடுத்துவிடுகின்றன.

கணினியை விடுங்கள், கோப்புகள் எங்கே?

முதலில் காதை வைத்துக் கேளுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்... டக்' என்று ஒரே சீராகச் சத்தம் வருகிறதா? உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே சுழலும் தட்டுகளின் மேல் தகவலைப் படிக்கும் மிக நுண்ணிய தலைப்பகுதி ஒன்று இருக்கிறது. அது தடுமாறும்போதுதான் பெரும்பாலும் இந்தச் சத்தம் வரும். 'இன்னும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள் பாருங்கள், அப்போது தட்டில் கீறல் விழலாம். கீறல் விழுந்த இடத்தில் இருந்த கோப்பு திரும்பி வராது. டிஸ்க்கை ஃபிரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்ததுமே அது வியர்த்துப்போகும்.

சத்தம் இல்லை, ஆனால் கணினி உயிர்பெறவில்லை என்றால் நிலைமை பெரும்பாலும் நல்லதுதான். டிஸ்க் நலமாக இருந்து மற்ற ஏதோ ஒன்று போயிருக்கலாம். அதைக் கழற்றி, யுஎஸ்பி வயர் உள்ள ஒரு சின்ன வெளிப்புறப் பெட்டியில் போட்டு, நண்பரின் லேப்டாப்பில் செருகினால் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மீட்பு எண் கேட்கும். அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.

கணினி இன்னும் ஓடுகிறதா? அப்படியானால் இன்றைக்கே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீல நிறத்துக்குப் பதிலாக மஞ்சளோ சிவப்போ காட்டினால், அன்றிரவே பிரதி எடுங்கள். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். அது சத்தமே போடாது, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

விசிறி ஓடுது, படம் மட்டும் வரல

இதுதான் அதிகம் கேட்கப்படும் புகார். மேசைக் கணினி என்றால் முதலில் திரையின் வயரைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும் கணினியில் வயரை மதர்போர்டின் துளையில் செருகியிருப்பார்கள், படம் வராது. துடைக்கும்போது கழன்று, வேறு யாரோ மாற்றிச் செருகியிருக்கலாம்.

அடுத்தது ரேம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சமிருக்கும் மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கையால் கணினியின் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசியை ஊதிவிட்டு, 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்திச் செருகுங்கள். கடலோர வீடுகளில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து இந்த முனைகளில் படலம் கட்டுகின்றன. பல கணினிகள் இந்த ஒரு வேலைக்கே எழுந்துவிடும்.

எல்லாமே செத்துக் கிடக்கிறது, விசிறிகூட அசையவில்லை என்றால் பவர் சப்ளை மேல் சந்தேகம் வரலாம். அதை மாற்றலாம், ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் யூடியூப் பார்த்துத் துணிய வேண்டாம்.

மதர்போர்டில் நிற்கும் சின்ன உருளைகளும் கெப்பாசிட்டர்கள்தான். அவற்றின் தலை உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால், காரணம் தெரிந்துவிட்டது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் மட்டமான கெப்பாசிட்டர்கள் புகுந்து ஏராளமான கருவிகளைக் கெடுத்தன. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளும் அதில் சிக்கின. அந்தக் காலத்துக் கணினி இன்னும் உங்கள் வீட்டில் ஓடினால், அதற்கு ஒரு சலாம்.

தேதி 2009 என்று காட்டுகிறதா?

பயப்பட வேண்டாம். மதர்போர்டில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். வாட்ச் கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். தேதி தவறாக இருந்தால் இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் அடம்பிடிக்கும். 'இன்டர்நெட் போச்சு' என்று பலர் நினைப்பது இதைத்தான்.

இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குங்கள்

உலகிலேயே மின்னல் அதிகம் தாக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை அதிகம். சுற்றிலும் வயலும் கடலும் திறந்து கிடக்கும் நம் பக்கத்தில் சொல்லவே வேண்டாம். சர்ஜ் புரொடெக்டர் சிறிய மின் ஏற்றங்களைத் தாங்கும், அருகில் விழும் மின்னலைத் தாங்காது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். மோடத்துக்குச் செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு இருந்தால் அதையும் கழற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

செலவு செய்யலாமா?

ரேம், பேட்டரி, பவர் சப்ளை, டிஸ்க் போனால் மாற்றலாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் பத்து வயதுக் கணினியும் வேறு ஆளாகிவிடும். மதர்போர்டே போயிருந்தால் யோசியுங்கள். இன்னொன்றும் உண்டு: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக டிபிஎம் 2.0 கேட்பதால், பழைய கணினிகள் பல அதற்குத் தகுதி பெறாது. பாடம் எழுத, இணையம் பார்க்க மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் இலவசம், பழைய கணினியிலும் ஓடும்.

கடையில் கொடுக்கும்போது

வேலை தொடங்கும் முன் விலையை எழுத்தில் கேளுங்கள். ரேம், டிஸ்க் ஆகியவற்றின் வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். 'ஃபார்மெட் பண்ணணும்' என்றால், கோப்புகளைப் பிரதி எடுத்தாயிற்றா என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள். ரசீது கட்டாயம். வேலை சரியில்லாமல் தகராறு வந்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.

இனி தேறாது என்று முடிவானால் வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள், தோட்டத்துக் குழியில் எரிக்கவும் வேண்டாம். சுற்றுச்சூழல் துறை இதை எஸ்டபிள்யூ110 என்ற அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தியிருக்கிறது, வயர் எரியும் புகையும் நஞ்சு. மின்கழிவு சேகரிப்பு மையத்தில் ஒப்படைக்கலாம். டிஸ்க்கை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள்.