சாட்சிக் கூண்டுக்கு அருகில் நிற்பவர்

1890 ஜூலையில் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பூல்மணி தாசி வழக்கை நாம் பெரும்பாலும் ஒரு சட்டத்தின் கதையாகவே படித்துப் பழகியிருக்கிறோம். சிறுமிக்கு வயது 11. கணவன் ஹரி மோகன் மைத்திக்கு 35. அவனோடு கழிந்த ஓர் இரவில் ஏற்பட்ட காயத்தால் குருதி பெருகி அவள் இறந்துபோனாள். அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி சம்மத வயது 10. அதை அவள் கடந்திருந்தாள். அவன் மனைவியாகவும் இருந்தாள். ஆகவே பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு அங்கே நிற்கவில்லை. பிறர் உயிருக்கு ஆபத்து விளையும் வகையில் கவனமின்றி நடந்து கொடுங்காயம் விளைவித்ததாக 338ஆம் பிரிவின்கீழ் ஹரி மோகனுக்கு ஓராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

இவ்வழக்கில் என்னை நெடுநாள் நிறுத்திவைத்தது தீர்ப்பன்று. கூண்டேறிய பெண்கள். சிறுமியின் தாயும் குடும்பத்துப் பெண்களும் அந்த இரவில் தாங்கள் கேட்டதையும் கண்டதையும் அயல்மொழி பேசும் நீதிபதியின் முன் சொன்னார்கள். மருத்துவர் பிணப் பரிசோதனை முடிவைச் சொன்னார். இறந்தவளுக்காகப் பேச இத்தனை பேர் இருந்தனர். அவள் பிழைத்திருந்தால்? அவள் கதையை யாரிடம் சொல்லியிருப்பாள், யார் அவளோடு நீதிமன்றப் படியேறியிருப்பார்கள் என்ற கேள்விக்கு 1890இன் கல்கத்தாவில் விடையில்லை.

அடுத்த ஆண்டு மார்ச்சில் சம்மத வயதுச் சட்டம் வந்தது. 10 என்பது 12 ஆயிற்று. அதற்கு எழுந்த எதிர்ப்பை நாம் அறிவோம். மைதானத்தில் பெருங்கூட்டம் கூடியது. 'பங்கபாசி' இதழ்மீது அரசு இராஜத் துரோக வழக்குத் தொடுத்தது. இந்தியாவில் அக்குற்றச்சாட்டின்கீழ் நடந்த முதல் வழக்கு அதுவே. பூனாவில் திலகர் சட்டத்தை எதிர்த்தார். பெண் மருத்துவர்கள் தாங்கள் சிகிச்சையளித்த குழந்தை மனைவியரின் காயங்களைப் பட்டியலிட்டு அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினர். தனிகா சர்க்கார் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மீண்டும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு. கணவன்மீதான இவ்வகைக் குற்றச்சாட்டை மாவட்ட மாஜிஸ்திரேட் நிலையில் உள்ளவரே ஏற்கலாம், இன்ஸ்பெக்டருக்குக் கீழ்ப்பட்ட காவலர் புலனாய்வு செய்யலாகாது என்று 1891இன் சட்டம் விதித்தது. குடும்பத்தின் மானத்தைக் காவலரிடமிருந்து காப்பதே அதன் நோக்கம். 121 ஆண்டுகள் கழித்து வந்த போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவும் காவலரின் பதவியைப் பேசுகிறது: குழந்தையின் வாக்குமூலத்தை இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலர், சீருடையின்றி, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிய வேண்டும். அங்கே வீட்டுக்காக விதிக்கப்பட்ட பதவி இங்கே குழந்தைக்காக விதிக்கப்படுகிறது. இந்த இரண்டு விதிகளுக்கும் இடைப்பட்ட தொலைவே இப்பதிவின் பொருள்.

அத்தொலைவைச் சட்டமன்றங்கள் மட்டும் கடக்கவில்லை. 1920இல் சென்னையிலும் 1922இல் வங்காளத்திலும் 1924இல் பம்பாயிலும் வந்த குழந்தைகள் சட்டங்கள் தவறிழைத்த சிறுவரைச் சிறையிலிருந்து விலக்குவதையே முதன்மையாகக் கருதின. தவறிழைக்கப்பட்ட குழந்தையின் அருகில் அமர்ந்து பேசுவது ஒரு வேலை என்ற எண்ணம் அவற்றில் வளரவில்லை.

அது வேறிடங்களில் முளைத்தது. 1974இல் குழந்தை மருத்துவர் சமீர் சௌத்ரி கல்கத்தாவின் தென்புறத்தில் 'சினி' அமைப்பைத் தொடங்கியபோது அவர் முன்னிருந்த சிக்கல் ஊட்டச்சத்துக் குறைவு. எடை பார்க்க வந்த குழந்தைகளின் வழியே குடிசைகளின் மற்ற துயரங்களும் வந்துசேர்ந்தன. 1989இல் நகரத் தெருக் குழந்தைகளுக்காக 'சினி ஆஷா' உருவாயிற்று. 1987இல் இந்திராணி சின்ஹா தொடங்கிய 'சன்லாப்' பாலியல் தொழில் நடக்கும் பகுதிகளின் பெண்களிடமும் அவர்தம் பிள்ளைகளிடமும் சென்றது. கடத்தப்பட்டு மீட்கப்பட்ட சிறுமியருக்கு இல்லம் அமைத்தது, வழக்குகளின்போது துணைநின்றது.

நிறுவியவர்களின் பெயர்களை எழுதிவிட்டேன். இரவில் விழித்திருந்தவர்களின் பெயர்கள் என்னிடம் இல்லை. ஆவணங்களில் தேடிப் பயனில்லை என்பதும் புரிகிறது. குழந்தையின் அடையாளத்தை மறைப்பது இவர்களது முதற்கடமை. அதை ஒழுங்காகச் செய்தவர் தம் வேலையின் சுவடுகளையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார். வரலாறு எழுதுபவனுக்கு இது இடைஞ்சல். குழந்தைக்கு நல்லது.

இவ்வேலைக்கு ஒரு கட்டடமும் பெயரும் அமைந்தது அமெரிக்காவில். அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில் நகரில் 1985இல், அப்போது அரசு வழக்கறிஞராக இருந்த பட் க்ரேமரின் முயற்சியால் முதல் குழந்தை ஆதரவு மையம் எழுந்தது. அதன் அடிப்படை மிக எளியது. காவல் நிலையம், மருத்துவமனை, வழக்கறிஞர் அலுவலகம் என்று குழந்தை அலைந்து ஒவ்வொருவரிடமும் அதே கொடுமையைத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக, குழந்தை இருக்கும் வீட்டுக்கு அவர்கள் வர வேண்டும். பயிற்சி பெற்ற ஒருவர் கேட்பார்; மற்றவர்கள் அவர் கேட்டதைக் கொண்டு தத்தம் வேலையைத் தொடர்வார்கள். நம் நாட்டில் இதற்கு மிக அருகில் வருவது 2016இல் ஐதராபாத்தில் தொடங்கிய 'பரோசா' மையம். சென்னையில் 2004 முதல் இயங்கும் 'துளிர்' அமைப்பையும் இங்கே நினைக்க வேண்டும். இது குறித்துத் தமிழில் வாய்திறந்து பேசவே தயங்கிய காலத்தில் தொடங்கியது அது.

கொல்கத்தா உட்பட நாட்டின் பிற இடங்களில் அந்த வீட்டின் பணியை ஒரு தனி மனிதரே சுமக்கிறார். 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் விதிகள் அவரை 'ஆதரவு நபர்' என்கின்றன. புகார் வந்த 24 மணி நேரத்திற்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழு இவரை நியமிக்கும். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் குழந்தைக்கு விளங்கும் சொற்களில் சொல்வது, இழப்பீட்டுக்கு மனுச் செய்ய உதவுவது, சாட்சி நாளன்று உடனிருப்பது, விசாரணை முடியும்வரை மாதந்தோறும் குழுவுக்கு அறிக்கை தருவது ஆகியவை இவர் வேலை. வழக்கறிஞர்கள் குழந்தையை நேரடியாகக் கேள்வி கேட்க இயலாது, நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும் என்ற பாதுகாப்பு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அப்பாதுகாப்பு தனக்கு உண்டென்று அக்குழந்தையிடம் யாரேனும் சொல்லியிருக்க வேண்டுமல்லவா?

அப்படி யாரும் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை மேற்கு வங்கத்தின் வழக்கொன்றே நாட்டுக்குக் காட்டிற்று. 2018இல் 14 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டைவிட்டு வெளியேறி ஒருவனோடு சென்றாள். விசாரணை நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தது. 2023 அக்டோபரில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவனை விடுவித்ததோடு நில்லாமல், வளரிளம் பெண்கள் தம் இச்சையை அடக்கப் பழக வேண்டும் என்ற பொருளில் அறிவுரையும் வழங்கியது. உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்து, 2024 ஆகஸ்டில் விடுதலையை நீக்கியது. குற்றம் குற்றமே என்றது, அறிவுரையைக் கண்டித்தது, அச்சிறுமிக்கு உரிய காலத்தில் சட்டப்படியான பராமரிப்பைத் தரத் தவறிய அரசையும் கண்டித்தது. பின்னர் உளவியலாளரும் சமூக அறிவியலாளரும் அடங்கிய குழு ஒன்று அமைக்கப்பட்டு அவளோடு பேசியது. அதற்குள் அவள் வயதுவந்த பெண், ஒரு குழந்தைக்குத் தாய். நடந்ததை அவள் குற்றமாகக் கருதவில்லை என்றும், அவளை நொறுக்கியது பின்வந்த காவல் நிலையமும் நீதிமன்ற அலைச்சலும் அவனை மீட்கச் செலவிட்ட பணமுமே என்றும் வெளிப்பட்டது. 2025 மே மாதம், தன் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு, அவனுக்குத் தண்டனை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் முடித்தது. அந்த இறுதித் தீர்ப்பு சரியா என்று விவாதிக்கலாம். எனக்கும் தயக்கங்கள் உண்டு. ஆனால் 2018இலேயே பயிற்சி பெற்ற ஒருவர் அவளருகில் அமர்ந்திருந்தால் வழக்கு வேறாகியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அறிந்து தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவளுக்கு முன்னர் தரப்படவே இல்லை என்பதை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

ஆதரவு நபரின் ஊதியம் பற்றி 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்வது, குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்படி திறன்பெற்ற தொழிலாளிக்கு உரியதைவிடக் குறையலாகாது என்பது மட்டுமே. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அவர்களது கல்விக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற ஊதியம் வேண்டும், அவர்களை நியமிப்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்று கூறியது. உங்கள் மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆதரவு நபர்களின் பட்டியல் ஒன்றைப் பேண வேண்டும் என்பது விதி. அதில் எத்தனை பெயர்கள் உள்ளன, அவர்களுக்கு என்ன தரப்படுகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எவரும் கேட்கலாம்.