வெளிவராத விளையாட்டைப் பதிப்பித்தல்: 'நியூக்ளியர் ரஷ்' மீட்பை முன்வைத்து

முன்னுரை

சந்தைக்கு வந்த வீடியோ கேம் ஒன்றைப் பாதுகாக்கும்போது எதைக் காக்கிறோம் என்ற ஐயம் எழுவதில்லை. கடையில் விற்ற கார்ட்ரிட்ஜோ சீடியோ இருக்கிறது. அதில் பதிந்திருப்பதே மூலபாடம். வெளிவராத விளையாட்டுக்கு அத்தகைய மூலபாடம் இல்லை. அது மெய்நிகர் விளையாட்டாகவும் இருந்தால் சிக்கல் இரட்டிக்கிறது. அதைப் பார்க்க உருவாக்கிய தலைக்கருவியே விற்பனைக்கு வராமல் போயிருக்கலாம். செகா நிறுவனத்தின் 'செகா விஆர்' கருவிக்காக எழுதப்பட்டு, அக்கருவியோடு சேர்ந்து கைவிடப்பட்டு, 2020இல் மீண்டும் இயங்கிய 'நியூக்ளியர் ரஷ்' இதற்குத் தக்க சான்று. அந்த மீட்பைப் பலரும் கண்டெடுப்பு என்றே பேசுகின்றனர். அது பதிப்புப்பணி என்பதும், பதிப்பாசிரியருக்குரிய பொறுப்புகள் முழுவதும் அதற்கு உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கைவிடப்பட்ட கருவி

மெகா டிரைவ் விளையாட்டுப் பெட்டியோடு இணைக்கத்தக்க மெய்நிகர் தலைக்கருவி ஒன்றைக் கொண்டுவருவதாக செகா 1991இல் அறிவித்தது. 1993இல் அமெரிக்க நுகர்வோர் மின்னணுக் கண்காட்சியில் அதைக் காட்டியது. விலை 200 டாலர் அளவில் இருக்கும் என்றது. அதனுடன் வெளிவரவிருந்தவை நான்கு விளையாட்டுகள்: 'நியூக்ளியர் ரஷ்', 'அயர்ன் ஹேமர்', 'மேட்ரிக்ஸ் ரன்னர்', 'அவுட்லா ரேசிங்'. ஒன்றுகூட விற்பனைக்கு வரவில்லை. கருவி தரும் காட்சி அளவுக்கு மீறி மெய்போல் இருப்பதால் ஆடுவோர் அடிபடக்கூடும் என்பது நிறுவனம் சொன்ன காரணம். தலைவலியும் குமட்டலும் உண்டானதை அப்போது செகா அமெரிக்காவின் தலைவராக இருந்த டாம் காலின்ஸ்கே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இந்த இரண்டாவது காரணத்தை ஆய்வாளர் எளிதில் கடந்துவிடக் கூடாது. மெகா டிரைவின் செயலி ஏறத்தாழ 7.6 மெகாஹெர்ட்ஸ் வேகமுடையது. அதன் முதன்மை நினைவகம் 64 கிலோபைட். முப்பரிமாண உலகை அத்தகைய பெட்டியால் மிக மெதுவாகவே வரைய முடியும். 'நியூக்ளியர் ரஷ்' நொடிக்குச் சுமார் 15 படங்களையே வரைந்தது. தலை திரும்பும் கணத்துக்கும் காட்சி திரும்பும் கணத்துக்கும் இடையே விழும் தாமதமே குமட்டலைத் தூண்டுகிறது. ஆகவே அந்த உடல் தொல்லையை விளையாட்டின் புறத்தே நேர்ந்த விபத்தாகக் கொள்ள முடியாது. ஏன் அது வெளிவரவில்லை என்ற வரலாற்றின் ஒரு பகுதி அதனுள்ளேயே பதிந்திருக்கிறது.

மீட்பின் வழி

கேமிங் அலெக்சாண்ட்ரியா என்ற பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த டிலன் மான்ஸ்ஃபீல்டின் முயற்சியால், விளையாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென்னத் ஹர்லியிடமிருந்து 1994 ஆகஸ்ட் தேதியிட்ட சீடி ஒன்று கிடைத்தது. அதில் இருந்தது மூலநிரல். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனைச் சேர்ந்த ரிச் வைட்ஹவுஸ் அந்த நிரலைச் சீர்செய்து, அதிலிருந்து இயங்கக்கூடிய விளையாட்டுக் கோப்பைத் தொகுத்தார். தலைக்கருவி பெட்டியோடு எவ்வாறு பேசியது என்பதை அறிந்து, அதன் நடத்தையை எமுலேட்டரில் எழுதிச் சேர்த்தார். மிதவை ஊர்தியில் அமர்ந்து போரிடும் அந்த விளையாட்டை 2020 நவம்பர் முதல் இக்காலத் தலைக்கருவிகளில் ஆட முடிகிறது.

இங்கே இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. முதலாவது, விளையாட்டுக் கோப்பு மட்டும் தனியே கிடைத்திருந்தால் பணி பெரிதும் தடுமாறியிருக்கும். தலையின் திசையைக் கருவியிடம் நிரல் எப்படிக் கேட்கிறது, கிடைத்த விடையை எப்படிப் பொருள்கொள்கிறது என்பவை தெரிந்ததால்தான் இல்லாத கருவிக்கு ஈடு செய்ய முடிந்தது. இரண்டாவது, வைட்ஹவுஸ் பழைய காட்சியை அப்படியே புதிய கண்ணாடிக்கு மாற்றவில்லை. மெதுவாக வரும் படங்களை, ஆடுபவரின் தலை அந்தக் கணத்தில் இருக்கும் திசைக்கேற்ப நகர்த்திக் காட்டினார். நொடிக்கு 90 முறை புதுப்பிக்கும் இன்றைய திரையில் அதனால் பார்வை இடறாமல் செல்கிறது. 1993இல் எவரும் பெற்றிராத அனுபவம் இது.

பதிப்பாசிரியரின் கடமை

இத்தகைய திருத்தம் மூலத்துக்குத் துரோகம் எனச் சிலர் வாதிடலாம். அவ்வாதம் பாதி சரி. குமட்டலும் வரலாற்றுச் சான்றே. அதை அகற்றினால் கருவி கைவிடப்பட்ட காரணமும் கண்ணிலிருந்து மறைகிறது. ஆனால் ஒருவராலும் அணிந்து ஆட முடியாத வடிவம் அறிஞர் சிலரின் குறிப்பாகச் சுருங்கிவிடும். விளையாட்டு ஆடப்பட்டால்தான் அதன் அமைப்பை ஆராய முடியும். ஆகவே திருத்தத்தைத் தவிர்ப்பதால் தீர்வு வராது. திருத்தியவற்றை வெளிப்படையாக அறிவிப்பதால் வரும். பாடபேதங்களை அடிக்குறிப்பில் தரும் பதிப்பாசிரியர், தாம் தேர்ந்த பாடத்தை மறுக்கும் உரிமையையும் வாசகருக்குத் தருகிறார். எமுலேட்டரும் அவ்வாறே திருத்திய காட்சியையும் திருத்தாத காட்சியையும் தனித்தனியே தர வேண்டும். கிடைத்தபடியான மூலநிரல், சீர்செய்த நிரல், தொகுத்த கோப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காக்கப்பட வேண்டும்.

விளையாடிப் பார்த்தவர்கள், உருவாக்கியவர்கள் ஆகியோரின் வாய்மொழிப் பதிவு நான்காவது அடுக்கு. தலைக்கருவியின் எடையும் அன்றைய திரையின் மங்கலும் எந்த நிரலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. மெய்நிகர் விளையாட்டின் பாதி ஆடுபவரின் உடலில் நிகழ்கிறது. அந்தப் பாதிக்கு நேரில் அணிந்தவரின் சொல்லே ஆவணம்.

முடிவுரை

அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என 2023இல் அதே ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நூலகங்கள் அத்தகைய விளையாட்டுகளை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்தே எட்டச் செய்வதற்கான விலக்கை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024இல் மறுத்தது. விற்றவற்றின் கதியே இதுவென்றால், பட்டியலில்கூட ஏறாதவை இதைவிட நலிந்தவை. எனவே ஆவணக் காப்பகங்கள் முடிந்த பொருளைத் தேடுவதை விட்டு, வேலைப்பட்டறையைச் சேகரிக்க முற்பட வேண்டும். மூலநிரல், வன்பொருள் கையேடு, சோதனைக் குறிப்பு, உருவாக்கியவரின் நினைவு ஆகியவையே அந்தப் பட்டறை. எழுதும் சீடியின் சாயப்பூச்சு ஆண்டுதோறும் சிதைகிறது. தொண்ணூறுகளின் நிரலாளர்கள் முதுமையை நோக்கிச் செல்கின்றனர். 'நியூக்ளியர் ரஷ்' பிழைத்தது, ஒருவர் தம் சீடியை எறியாமல் வைத்திருந்ததாலும் மற்றொருவர் அதைக் கேட்டுப் பெற்றதாலும். அந்த நற்பேற்றை முறையான சேகரிப்பாக மாற்றுவது நம் துறையின் உடனடிப் பணி.