சுங்காய் முகாமில் கடைந்த ரத்தம்

போன வாரக் கதையை, நம் ஆட்களைச் சயாமின் பான் போங் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து பர்மா வரை, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போடவைத்த 415 கிலோமீட்டர் தண்டவாளம். சிலாங்கூர் தோட்டத்து லயங்களிலிருந்து சயாமுக்குப் போன தமிழர்களும், சிங்கப்பூரில் பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதே காட்டில்தான் மண் வெட்டினார்கள். இன்று கம்போங் மேடான் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் தோட்டத்துக் குடும்பங்கள் இந்த வாரக் கதையைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அந்தத் தண்டவாளத்தோரச் சுங்காய் கைதி முகாமில் டாக்டர் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ் இருந்தார். கனடாக்காரர், போருக்கு முன் நாய்களுக்கு இதயமாற்று அறுவை செய்து பார்த்த ஆய்வாளர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது கைதியானவர்.

மலேரியாவும் சீதபேதியும் சிப்பாய்களின் ரத்தத்தை உறிஞ்சிவிட்டிருந்தன. புதிய ரத்தம் ஏற்றினால் பிழைப்பார்கள். ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து முகாமில் இல்லை. மார்க்கோவிட்ஸுக்கு ஆய்வுக்கூடத்தில் பழகிய முறை ஒன்று நினைவுக்கு வந்தது. சக கைதி கொடுக்கும் ரத்தத்தைப் பாத்திரத்தில் பிடித்தார்கள். சூடு ஆறுவதற்குள், தயிர் கடைவதுபோலக் குச்சியால் விடாமல் கடைந்தார்கள். சில நிமிடங்களில் ஃபைப்ரின் என்ற நார் திரண்டு குச்சியில் சுற்றிக்கொள்ளும். எஞ்சியது உறையாது. அதைத் துணியில் வடிகட்டி நரம்பில் ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான முறை ஏற்றியிருக்கிறார்கள். புண் எலும்பு வரை அரித்த நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை வெட்டி எடுத்தும் அவர் உயிர்களைக் காத்தார்.

அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதே மூச்சில் நெஞ்சும் எரிகிறது. கடைவதற்கு வேண்டியது குச்சி, துணி, ரத்தம் கொடுக்க ஒரு தோழன், முறை தெரிந்த ஒரு டாக்டர். முதல் மூன்றும் நம் ஆட்களின் குடிசையிலும் இருந்தன. சிப்பாய்களோடு அவர்களுடைய டாக்டர்களும் சேர்ந்து சிறைப்பட்டார்கள். கூலிகளோடு யார் போனார்கள்? கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் சாவு 80,000 முதல் 1,00,000 வரை என்று கணக்கிடுகிறார்கள்.

1943 நடுவில்தான் கே ஃபோர்ஸ் என்ற கைதி மருத்துவக் குழு சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து கூலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டது. அதற்குள் காலரா வந்துவிட்டிருந்தது.

சுங்காய் கல்லறைத் தோட்டத்தில் இன்று 1,700-க்கும் மேற்பட்ட சிப்பாய்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களைத் தண்டவாளத்தோரக் குழிகளில் போட்டு மூடினார்கள்.

(தொடரும்)