போர்த்துக்கீசியரும் ஜொகூர் அரசும் (1511–1641)

  ஜொகூர் மாநிலத்தில் ஓடும் ஜொகூர் ஆற்றின் கரையில்தான், தன்னைவிட வலுவான பீரங்கிகளும் கப்பல்களும் கொண்ட போர்த்துக்கீசியரை ஓர் அரசு தலைமுறை தலைமுறையாகத் தாக்குப்பிடித்தது. 1511இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார். அதன் சுல்தான் மகமுட் ஷா தப்பி, சில காலத்தில் பிந்தான் தீவில் அமர்ந்து மலாக்காவை மீண்டும் மீண்டும் தாக்கினார். 1526இல் பிந்தானையும் போர்த்துக்கீசியர் எரித்தனர். 1528இல் அவர் கம்பாரில் இறந்தார். அவர் மகன் அலாவுதீன் ரியாயத் ஷா ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய தலைநகர் அமைத்தார். 1535இல் வாஸ்கோ ட காமாவின் மகன் எஸ்தெவாவ் அதையும் தாக்கி அழித்தபோது, சுல்தான் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள சாயோங்குக்கு ஒதுங்கினார். 1587இல் போர்த்துக்கீசியத் தளபதி பாவ்லோ டி லிமா, அப்போது தலைநகராக இருந்த ஜொகூர் லாமாவைத் தரைமட்டமாக்கினார். அரசவை இன்னும் உள்ளே, பத்து சாவாருக்குப் போனது.

இத்தனை தோல்விகளுக்குப் பிறகும் அரசு எப்படி நிலைத்தது? மலாய் அரசின் செல்வம் கோட்டைச் சுவரிலோ நிலவரியிலோ இல்லை. குடிகளிலும் படகுகளிலும் வணிகத்திலும் இருந்தது. மலாக்கா அரசமரபின் வாரிசு எங்கே அமர்ந்தாரோ அங்கே ஓராங் லாவுட் கடலோடிகளும் வணிகரும் திரண்டார்கள். மரத்தாலும் ஓலையாலும் ஆன ஊரை எரிப்பது எளிது, மறுபடி கட்டுவதும் எளிது. போர்த்துக்கீசியருக்கு நிலைமை நேரெதிர். சில நூறு வீரர்கள் காத்த மலாக்காவுக்குச் சோறே கடல்வழி வரவேண்டும். ஜாவா, பெகு அரிசிக் கப்பல்கள் தடைப்பட்டால் கோட்டைக்குள் பஞ்சம். வென்ற படை காட்டுக்குள் தங்கவும் முடியாது, கோட்டையைக் காலியாக விட்டுவைக்கவும் முடியாது. ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் அது திரும்பியே போனது.

மலாக்காவில் இருந்த எல்லாரும் சுல்தானோடு போய்விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கெலிங் எனப்பட்ட தமிழ் இந்து வணிகர்களின் தலைவர் நைனா சத்து போர்த்துக்கீசியருக்குத் துணைநின்று பெண்டஹாரா என்ற உயர்பதவி பெற்றார். 1514இல் பதவி பறிக்கப்பட்டதும் தீயில் விழுந்து மாண்டதாகப் போர்த்துக்கீசியப் பதிவுகள் கூறுகின்றன. முஸ்லிம் வணிகரில் பலரோ சுமத்ராவின் ஆச்சே, ஜாவாவின் பந்தென் போன்ற துறைகளை நாடினர். மலாக்காவின் வருவாயைக் கரைத்ததில் இந்த இடம்பெயர்வுக்குப் போர்களைவிடப் பெரிய பங்கு உண்டென்றே தோன்றுகிறது.

மலாக்காவை வென்றது டச்சுக்காரர்கள்தானே, ஜொகூருக்கு இதில் என்ன பெருமை என்ற கேள்வி நியாயமானது. ஜொகூர் தனியாக மலாக்காவை மீட்டதில்லை. 1551 முற்றுகையில் ஜாவாவின் ஜெப்பாரா துணைவந்தும் தோற்றது. ஆனால் டச்சுக்காரர் இந்தக் கடலில் காலூன்ற ஜொகூர்தான் இடம் கொடுத்தது. 1603இல் சாந்தா கத்தரீனா என்ற போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுத் தளபதி ஹீம்ஸ்கெர்க் சிங்கப்பூர்க் கடற்பகுதியில் பிடித்தது ஜொகூரின் ஒத்துழைப்போடு. 1606இல் டச்சுக்காரருக்கும் ஜொகூருக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அவ்வாண்டின் மலாக்கா முற்றுகை பலிக்கவில்லை. 1640 ஆகஸ்டில் மறுபடி தொடங்கிய முற்றுகையில் ஜொகூர்ப் படையும் சேர்ந்தது. பசியும் கொள்ளைநோயும் நகரை வாட்ட, 1641 ஜனவரியில் மலாக்கா விழுந்தது.

இன்னொரு மறுப்பு வலுவானது: இதை ஒரு தேசத்தின் ஒருமித்த எதிர்ப்பு என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆச்சே அரசு 1564இல் ஜொகூரைச் சூறையாடி அலாவுதீனைச் சிறைபிடித்துச் சென்றது; 1613இல் பத்து சாவாரையும் பிடித்தது. அந்த அச்சத்தில் ஜொகூர் போர்த்துக்கீசியரோடு கைகோத்த காலங்களும் உண்டு. பகைவரை எடைபோட்டு நட்பை மாற்றிக்கொண்ட இந்த நெகிழ்வு வீரக்கதைக்குப் பொருந்தாது. ஆனால் அதுவும் இல்லாதிருந்தால் ஜொகூர் 1641 வரை உயிரோடு இருந்திருக்குமா என்பது ஐயமே.

மீட்கப்பட்ட மலாக்கா ஜொகூருக்குக் கிடைக்கவில்லை. நகரம் டச்சுக்காரருக்கு என்று 1606 உடன்படிக்கையே சொல்லியிருந்தது. எனினும் அடுத்த முப்பது ஆண்டுகளில் ஜொகூரின் வணிகம் செழித்தது. அந்தச் செழிப்புக்குப் பின், 1673இல் பத்து சாவாரை அழித்தது சுமத்ராவின் ஜம்பி அரசு. மலாக்கா அரசமரபின் கடைசி வாரிசான சுல்தான் இரண்டாம் மகமுட் 1699இல் கோத்தா திங்கியில் தம் சொந்தப் பிரபுக்களின் சதியில் கொல்லப்பட்டார்.