தமிழர் பண்டிகை உணவுகள்

ஆண்டின் குறிப்பிட்ட நாள்களில் தமிழர் சமைத்து, படைத்து, பகிர்ந்து உண்ணும் உணவுகள் பண்டிகை உணவுகள் எனப்படும். இவற்றுட் பெரும்பாலானவை விளைச்சலையும் பருவத்தையும் ஒட்டி அமைந்தவை. களத்துக்கு நெல் வந்து சேரும் தையில் புத்தரிசிப் பொங்கல், வேம்பு பூக்கும் சித்திரையில் வேப்பம்பூ சேர்த்த மாங்காய்ப் பச்சடி, குதிரில் நெல் குறையும் ஆடியில் கேழ்வரகுக் கூழ் என, நிலம் அந்தந்த மாதத்தில் தந்ததே அந்த மாதத்தின் படையலாயிற்று.

வகைகள்

உண்ணப்படும் நோக்கத்தைக் கொண்டு இவற்றை நான்காகப் பகுக்கலாம்.

புதிது உண்ணல்: முதல் விளைச்சலை உண்பது. தைப்பொங்கல் இதில் தலையாயது.

படையல்: தெய்வத்தின் முன் வைத்தபின் வீட்டாரும் அண்டை அயலாரும் உண்பது. விநாயகர் சதுர்த்திக் கொழுக்கட்டை, கிருஷ்ண ஜெயந்திச் சீடை, நவராத்திரிச் சுண்டல் ஆகியவை இவ்வகையின.

நோன்பு உணவு: நோன்பு நோற்பவர் அதை முடிக்கும்போது உண்பது. மாசியும் பங்குனியும் கூடும் வேளையில் பெண்கள் வெண்ணெயுடன் உண்ணும் காரடையான் நோன்பு அடை இதற்கு எடுத்துக்காட்டு.

ஊர்ப்பொது உணவு: கோயில் வாசலிலும் தெருமுனையிலும் வருவோர்க்கெல்லாம் வழங்குவது. அம்மன் கோயில் கூழும் ராமநவமிப் பானகமும் நீர்மோரும் இதில் அடங்கும்.

ஒரே உணவு இரு வகைகளில் வருவதும் உண்டு. வீட்டு வாசலில் தை முதல் நாள் பொங்கும் பொங்கல் புதிது உண்ணல். அதே பொங்கல் அம்மன் கோயில் திருவிழாவில் படையல்.

தொன்மை

புதிது உண்ணும் வழக்கத்தின் தெளிவான பழஞ்சித்திரம் புறநானூற்று 168ஆம் பாடலில் உள்ளது. கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் பிட்டங்கொற்றனைப் பாடிய பாடல் அது. கிழங்குக்காகப் பன்றிகள் கிளறிய மலைநிலத்தில் குறவர் உழாமலே தினை விதைக்கின்றனர். முதலில் விளைந்த தினையை நல்ல நாள் பார்த்து உண்ண முனைகின்றனர். மான்கறி வேகவைத்த பானையைக் கழுவாமலே அடுப்பிலேற்றி, காட்டு ஆவின் பாலை உலையாக வார்த்து, சந்தன விறகிட்டுச் சமைக்கின்றனர். வெந்ததை முற்றத்தில் அகன்ற வாழையிலையில் பகிர்ந்து உண்கின்றனர். புது விளைச்சல், நல்ல நாள், பால் உலை, முற்றம், வாழையிலை, பகிர்வு என இன்றைய பொங்கலின் உறுப்புகள் பல அங்கேயே இருக்கின்றன. இன்றைய பொங்கலில் தினையின் இடத்தில் அரிசி உள்ளது, வெல்லமும் சேர்கிறது. தைப்பொங்கலை நினைவூட்டும் குறிஞ்சி நில உணவு இது.

நக்கீரர் பாடிய அகநானூறு 141ஆம் பாடல் கார்த்திகை விளக்கு விழாவைச் சொல்கிறது. அதே பாடலில் புதுமணப் பெண் அடுப்பில் பால் உலை ஏற்றுகிறாள். இளம்பெண்கள் வளைந்த நெற்கதிரை முறித்துப் பச்சை அவல் இடிக்கின்றனர். திருக்கார்த்திகையன்று இன்றும் அவலும் நெற்பொரியும் வெல்லப்பாகில் உருண்டையாகின்றன.

மதுரைக்காஞ்சி, மதுரையின் இரவுக் கடைகளில் விற்ற, உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகத்தைக் குறிப்பிடுகிறது. பருப்பும் தேங்காயுமே அந்த உள்ளீடு என உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்குகிறார். இவ்விளக்கம் இன்றைய பூரணக் கொழுக்கட்டையை நினைவூட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில், புகார் நகரத்து மறக்குடிப் பெண்டிர் காவற்பூதத்தின் பலிபீடத்தில் இடும் பொருள்களுள் எள்ளுருண்டையும் பொங்கலும் உள்ளன.

பக்தி இலக்கியக் காலத்தில் இவ்வுணவுகள் கோயில் மடைப்பள்ளிக்குள் நிலைபெற்றன. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் மாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறார். பால், அரிசி, வெல்லம், நெய் ஆகியவற்றால் ஆகும் அக்காரவடிசில் மார்கழி 27ஆம் நாளான கூடாரவல்லியன்று வைணவக் கோயில்களில் இன்றும் நிவேதனமாகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் திருவமுதுக்குரிய அரிசி, பருப்பு, நெய், தயிர், மிளகு முதலியவற்றை அளவோடு குறிக்கின்றன. மிளகாய் அவற்றில் இல்லை. அது போர்த்துக்கீசியர் வழியாகப் பிற்காலத்தில் வந்தது. பல மடைப்பள்ளிகள் இன்றும் மிளகுக் காரத்தையே போற்றி வருகின்றன.

ஆண்டுச் சுழற்சி

ஆண்டுப் பிறப்பான சித்திரை முதல் நாளில் வேப்பம்பூவின் கசப்பும் மாங்காயின் புளிப்பும் வெல்லத்தின் இனிப்பும் ஒரே பச்சடியில் சேர்கின்றன. ஆடி முதல் நாளில் சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர் பகுதிகளில் தேங்காய் சுடுவர். தேங்காயின் கண்ணைத் துளைத்து அவல், வெல்லம், எள், பாசிப்பருப்பு ஆகியவற்றை இட்டு, குச்சியில் செருகித் தீயில் வாட்டுவர். ஓடு கருகி வெடிக்கும்போது உள்ளே பூரணம் வெந்திருக்கும். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர்ச் சோறுகளாகிய சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் உண்பர்.

ஆவணியில் கொழுக்கட்டையும் சீடையும், பலர் புலால் தவிர்க்கும் புரட்டாசியில் சுண்டலும் பொரிகடலையும் வரும். ஐப்பசித் தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் செய்வர். பலகாரம் செரிக்க இஞ்சி, திப்பிலி சேர்ந்த லேகியத்தை முதலில் உண்பர். கார்த்திகையில் கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிகளில் பனையோலைக்குள் மாவை வைத்து அவிக்கும் ஓலைக்கொழுக்கட்டை சிறப்பு. மார்கழித் திருவாதிரைக்குக் களியும் பல காய் சேர்ந்த கூட்டும் ஆகும். சேந்தனார் படைத்த களியைத் தில்லைக் கூத்தன் ஏற்ற கதை இதனுடன் வழங்குகிறது. தையில் மஞ்சள் கொத்து கட்டிய புதுப்பானையில் பால் பொங்கி வழியும். அவரை, பூசணி, சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு என அப்போது விளையும் நாட்டுக்காய்களே குழம்புக்கு ஆகும்.

தமிழ் முஸ்லிம்களின் ரமலான் நோன்புக் கஞ்சியும், தென்மாவட்டக் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமசுக்குச் செய்யும் அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் குறிப்பிடத்தக்கவை.

இன்றைய நிலை

இப்போது பலகாரங்கள் பெரும்பாலும் கடைகளில் வாங்கப்படுகின்றன. பொங்கலுக்கான பச்சரிசி, சர்க்கரை, கரும்பு ஆகியவற்றைத் தமிழ்நாடு அரசு ரேஷன் கடைகள் வழியே வழங்கி வருகிறது.