முஸாஃபிரின் மூன்று தேவைகள்: மருந்து, பணம், பாதை

பிழைப்புத் தேடிக் கடல் கடந்து சென்றவர்கள் இல்லத்தாரோடு பேசும்போது திரும்பத் திரும்ப இடம்பெறுபவை மூன்று செய்திகள். உடல் நலமா என்பது ஒன்று. அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்பது மற்றொன்று. ஊர் திரும்ப வழி உண்டா என்பது மூன்றாவது. இவை வளைகுடா வாழ்க்கையோடு பிறந்த கவலைகள் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். ஆயினும் அரபு, பாரசீகப் பயண நூல்களைப் பயில்வோர், இம்மூன்று கவலைகளும் அவற்றில் ஏடுதோறும் விரவிக் கிடப்பதைக் காண்பர்.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பயணம் செய்த பாரசீகரான நாஸிர் குஸ்ரவ், ஆறாம் நூற்றாண்டில் கிரனாடாவிலிருந்து புறப்பட்ட இப்னு ஜுபைர், எட்டாம் நூற்றாண்டில் தஞ்சாவிலிருந்து (இன்றைய மொராக்கோவின் டாஞ்சியர்) கிளம்பிய இப்னு பதூதா ஆகிய மூவரையும் நாம் இங்கு சாட்சிகளாகக் கொள்வோம். இம்மூவரும் கண்ட அதிசயங்களை மட்டும் எழுதிச் செல்லவில்லை. தாம் பட்ட காய்ச்சலையும் கடனையும் சுங்கச் சாவடியின் அவமானத்தையும் மறைக்காமல் எழுதினர். ஊர் பேர் தெரியாத ஒருவன் நோயுற்றாலோ பொருளிழந்தாலோ அவனுக்கு யார் பொறுப்பு என்ற வினாவுக்கு அக்காலச் சமூகம் அளித்த விடை அவ்வேடுகளில் பதிவாகியுள்ளது.

சட்டம் வகுத்த உரிமை

ஜகாத்துக்கு உரியோர் எண்மர் எனத் திருமறையின் அத்தவ்பா அத்தியாயத்து 60ஆம் வசனம் வரையறுக்கிறது. அவருள் இறுதியாகக் குறிக்கப்படுபவர் ‘இப்னுஸ் ஸபீல்’ எனும் வழிப்போக்கர். இவருடைய இலக்கணத்தை ஃபிக்ஹு நூல்கள் நுணுகி ஆராய்கின்றன. ஒருவர் தம் ஊரில் செல்வராக இருக்கலாம். தோட்டமும் வீடும் உடையவராக இருக்கலாம். ஆனால் அயலூரில் தம் பொருளை எட்ட இயலாத நிலையில் நிற்பாராயின், ஜகாத் பெறும் உரிமை அவருக்கு உண்டு. கடன் கிடைத்தால் வாங்கிக்கொள்வது சிறப்பு. அதற்காக அவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்பது ஹனஃபி அறிஞர்களின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபினர் இன்னும் ஒருபடி மேலே சென்று, பயணம் தொடங்க நாடி அதற்கு வசதியற்று நிற்பவரையும் இவ்வகையில் சேர்த்தனர்.

இதன் உட்பொருள் கவனிக்கத்தக்கது. வழிப்போக்கர் பெறுவது ஊராரின் இரக்கத்தால் விழும் பிச்சையன்று. அவருக்கென ஒதுக்கப்பட்ட பங்கு. இக்கருத்து வேரூன்றிய இடங்களில் அதனைச் செயற்படுத்த வக்ஃபுகள் தோன்றின.

நோயுற்ற அயலவர்

இப்னு ஜுபைர் 1183ஆம் ஆண்டு இஸ்கந்தரிய்யா துறைமுகத்தில் இறங்கினார். அந்நகரில் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி செய்திருந்த ஏற்பாடுகளை அவர் வியந்து விவரிக்கிறார். வெளியூரிலிருந்து வரும் மாணவர்க்கும் துறவியர்க்கும் தங்குமிடமும் ஆசிரியரும் உதவித்தொகையும் உண்டு. குளிக்கக் குளியலகங்கள் உண்டு. நோயுற்றோர்க்கு மருத்துவமனை உண்டு. மேற்குத் திசையிலிருந்து வரும் வழிப்போக்கர்க்கு, அவர்கள் எத்தனை பேராயினும், தலைக்கு நாளொன்றுக்கு இரண்டு ரொட்டிகள். சில நாட்களில் வழங்கப்பட்ட ரொட்டிகள் 2,000ஐ எட்டின என்கிறார்.

இவ்விவரணையில் ஒரு செய்தி நம் நெஞ்சைத் தொடுகிறது. மருத்துவமனைக்கு வர நாணி ஒதுங்கியிருக்கும் நோயாளிகளை, குறிப்பாக அயலவர்களை, அவர்கள் தங்குமிடத்துக்கே சென்று பார்த்து வர ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். அவர்கள் நோயாளியின் நிலையை மருத்துவரிடம் தெரிவிப்பர். அயலூரில் நோயுறுபவனுக்கு உடல் வலிக்கு மேல் ஒரு வலி உண்டு. யாரிடம் செல்வது, எப்படிக் கேட்பது, என்ன நினைப்பார்களோ எனும் கூச்சமே அது. அக்கூச்சத்தையும் ஒரு நோயாகக் கருதி அதற்கும் வழி செய்தவர்களின் நுண்ணறிவை என்னென்பது!

திமிஷ்க் நகரில் சுல்தான் நூருத்தீன் ஸன்கீ 1154இல் நிறுவிய மருத்துவமனை இவ்வகையில் முன்னோடி. பிற்காலத்தில் எகிப்தின் சுல்தானாகிய கலாவூன், அமீராக இருந்த காலத்தில் திமிஷ்கில் நோயுற்றபோது அம்மருத்துவமனையின் மருந்தினால் குணமடைந்தார் என்றும், ஆட்சி கிட்டினால் அதுபோல் ஒன்று கட்டுவதாக அப்போது நேர்ந்துகொண்டார் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். கெய்ரோவில் அவர் 1280களில் எழுப்பிய மருத்துவமனை, உள்ளூரார் வெளியூரார், செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் உரியதாக வக்ஃபு செய்யப்பட்டது.

நிறுவனம் இல்லாத இடத்தில் மனிதர் உதவினர். இப்னு பதூதா 1325இல் தம் 21ஆம் வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். சில வாரங்களிலேயே காய்ச்சல் கண்டது. சேணத்திலிருந்து விழாமலிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைக் கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். தூனிஸ் நகர் வாயிலில் உடன் வந்தோரையெல்லாம் அவரவர் உற்றார் எதிர்கொண்டு ஸலாம் உரைக்க, இவருக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை. கண்ணீர் விட்டு அழுதார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை பேச்சுத் துணையாக வந்தார். மறு ஆண்டு திமிஷ்கில் மீண்டும் காய்ச்சல். மாலிகி மத்ஹபின் பேராசிரியராகிய நூருத்தீன் ஸகாவி அவரைத் தம் இல்லத்திலேயே வைத்து மருத்துவம் பார்த்தார். புறப்படும்போது ஒட்டகங்களை வாடகைக்கு அமர்த்தி, வழிச்செலவும் கொடுத்தனுப்பினார்.

நம் மண்ணிலும் அவர் நோயுற்றார். 1340களில் மதுரை சுல்தான்களின் தலைநகரில் கொள்ளை நோய் பரவியிருந்த வேளையில் அவர் அங்கிருந்தார். நோய் கண்டவர்கள் இரண்டொரு நாளில், மிஞ்சினால் நான்காம் நாளில் மாண்டனர் என எழுதுகிறார். தமக்கும் காய்ச்சல் கண்டபோது, அங்கு மிகுதியாகக் கிடைத்த புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்து நீரில் கரைத்துக் குடித்ததாகவும், மூன்று நாட்கள் வயிறு கழிந்து குணமடைந்ததாகவும் குறிப்பிடுகிறார். அரபியர் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை, என்றழைக்கும் அதே புளி. அயலூரின் மருந்து அயலூரின் மண்ணிலேயே இருந்தது.

பையில் இருந்த பணம்

பணத்தைக் கையில் கொண்டு செல்வது உயிரைக் கையில் பிடித்துச் செல்வதற்கு ஒப்பாகும். எனவே ‘ஸுஃப்தஜா’ எனும் முறை வழக்கிலிருந்தது. ஓரூரில் பணத்தைக் கொடுத்துச் சீட்டுப் பெற்று, வேறோர் ஊரில் அச்சீட்டைக் காட்டிப் பணம் பெறும் உண்டியல் முறை அது. அரபுக் கல்லூரிகளில் நாம் பயிற்றுவிக்கும் ‘ஹிதாயா’வில், ஹவாலா பற்றிய பாடம் இதன் சட்டத்தோடுதான் முடிகிறது. வழியிலுள்ள ஆபத்திலிருந்து கடன் கொடுத்தவர் தப்புவதால், கடனால் பெற்ற ஆதாயமாக அது ஆகிவிடும் என்பது ஹனஃபி அறிஞர்களின் தயக்கம். வழியெங்கும் அச்சம் சூழ்ந்த காலத்தில் மாலிகி அறிஞர்கள் அதனை அனுமதித்தனர். இச்சட்ட விவாதத்தின் பின்னால் பணப்பையோடு பாலைவனத்தைக் கடக்க அஞ்சிய மனிதர்கள் நிற்கின்றனர்.

சீட்டுக்கு அடிப்படை நம்பிக்கை. நாஸிர் குஸ்ரவ் 1050ஆம் ஆண்டளவில் அஸ்வானில் நண்பர் ஒருவரைப் பெற்றார். அந்நண்பர் செங்கடல் துறைமுகமான ஐதாபில் இருந்த தம் முகவருக்கு ஒரு கடிதம் தந்தார்: இவர் கேட்பதைக் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளவும் என்பது அதன் கருத்து. ஐதாபில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்து கைப்பொருள் தீர்ந்தபோது அக்கடிதமே அவருக்கு மாவு அளந்தது. ஆனால் மறு ஆண்டில் பஸ்ராவை அடைந்தபோது அவருக்கு அத்தகைய கடிதம் ஏதுமில்லை. கந்தலுடையும் சடைமுடியுமாக நின்றவரைப் பைத்தியக்காரர் எனக் கருதிக் குளியலகத்தார் விரட்டினர். நூல்கள் இருந்த பையை விற்றுக் கொண்டு வந்த சில திர்ஹம்களாலும் பயனில்லை. பின்னர் அமைச்சர் ஒருவரின் உதவியால் புத்தாடை உடுத்திச் சென்றபோது அதே குளியலகத்தார் எழுந்து நின்று வரவேற்றனர்.

நாணய மாற்றமும் அன்றே தலைவலிதான். மாலத்தீவில் ஒரு தங்கத் தீனாருக்கு 4,00,000 சோழிகள் கிடைத்தன என்றும், ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் 1,150 சோழிகளே ஒரு தீனாருக்கு ஈடாக இருந்தன என்றும் இப்னு பதூதா எழுதுகிறார். கடன் தொல்லையும் அவரை விடவில்லை. டில்லி சுல்தானுக்குக் காணிக்கை வாங்கவும் ஆடம்பரமாக வாழவும் வணிகரிடம் வாங்கிய கடன் 55,000 தீனார்களாக வளர்ந்தது. வணிகர்கள் முற்றுகையிட்டனர், இறுதியில் முஹம்மது பின் துக்ளக்கே அதனைத் தீர்க்க வேண்டியதாயிற்று.

அயலூரில் இறந்தவரின் பணத்துக்கு நேர்ந்த கதி இன்னும் கசப்பானது. பிஜாயா நகரில் தூனிஸ் வணிகர் ஒருவர் இறந்தார். தம் வாரிசுகளிடம் சேர்க்குமாறு 3,000 தங்கத் தீனார்களை ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். செய்தியறிந்த நகர ஆளுநர் அப்பணத்தைப் பறித்துக்கொண்டார். தாம் கண்ட முதல் அநீதியாக இப்னு பதூதா இதனைப் பதிகிறார்.

வழியும் வாயிலும்

பயணத்தின் துன்பம் கடலிலும் பாலையிலும் மட்டும் இல்லை. அதிகாரிகளின் மேசையிலும் இருந்தது. இஸ்கந்தரிய்யாவில் இப்னு ஜுபைரின் கப்பலில் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெயரும் ஊரும் பதியப்பட்டு, உடல் தடவிச் சோதிக்கப்பட்டனர். ஓராண்டு நிறைந்த பொருளா என்று கேளாமலே ஜகாத் வசூலிக்கப்பட்டது. வழிப்போக்கருக்கு இரண்டு ரொட்டி வழங்கிய அதே நகரில்தான் இதுவும் நிகழ்ந்தது. சுல்தான் அறிந்தால் பொறுக்கமாட்டார் என்று அவர் எழுதுகிறார்.

ஸலாஹுத்தீனுக்கு முந்திய ஆட்சியில் ஹாஜிகள் தலைக்கு ஏழரை தீனார் வரி கட்டவேண்டியிருந்தது. இயலாதவர் ஐதாபில் கொடிய வதைக்கு ஆளாயினர். சுல்தான் அவ்வரியை ஒழித்து, அதனால் வருவாய் இழந்த மக்கா அமீருக்கு ஈடாகப் பொருளும் தானியமும் அனுப்பினார். ஆயினும் ஐதாபின் கப்பல்காரர்கள் ஹாஜிகளைக் கோழிக்கூண்டில் அடைப்பதுபோல் ஒருவர் மேல் ஒருவராக ஏற்றியதை இப்னு ஜுபைர் நேரில் கண்டு வருந்தினார். ஒரே பயணத்தில் கப்பலின் விலையை ஈட்டிவிடுவது அவர்கள் நோக்கம். உயிரைக் காத்துக்கொள்வது பயணிகளின் பாடு.

மாறாக, சீனத்தில் விடுதிகளில் தங்குவோரின் பெயர்கள் இரவில் பதியப்பட்டு, காலையில் சரிபார்க்கப்பட்டு, அடுத்த தங்குமிடம்வரை துணையோடு அனுப்பப்பட்டதாக இப்னு பதூதா கூறுகிறார். அந்நாட்டில் அவர் எவ்வளவு தொலைவு சென்றார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்று தெளிவு. இஸ்கந்தரிய்யாவில் அயலவரைத் தடுத்து நிறுத்திய பெயர்ப் பதிவேடு, இங்கு அவரைக் காப்பதற்குப் பயன்பட்டது.

மலபார்க் கரையருகே கொள்ளையரிடம் அனைத்தையும் இழந்து, காற்சட்டையோடு மட்டும் கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலில் வந்து சேர்ந்தபோது, அவருக்கு ஃபகீஹ் ஒருவர் மேலாடையும் காழி தலைப்பாகையும் வணிகர் ஒருவர் மற்றோர் ஆடையும் அனுப்பினர்.

நமக்குரிய பாடம்

இச்செய்திகளிலிருந்து பொற்காலச் சித்திரம் ஒன்றைத் தீட்ட நாம் விரும்பவில்லை. உதவி பெற்ற மூவரும் எழுத்தறிந்தவர், சபைகளில் மதிக்கப்பட்டவர். மதுரையில் இப்னு பதூதா விலைக்கு வாங்கிய அடிமைப்பெண் மறுநாளே நோயால் மாண்டாள். அவள் ஊரும் பேரும் அவர் நூலில் இல்லை. பஸ்ராவின் குளியலகம் ஆடையைப் பார்த்தே மனிதரை அளந்தது. தனி மனிதரின் நற்குணத்தை மட்டும் நம்பிய இடத்தில் அறிமுகமற்றவர் கைவிடப்பட்டனர். ஏற்பாடு நிலைத்த இடத்தில்தான் எளியவருக்கும் ரொட்டி கிடைத்தது.

நூருத்தீன் ஸன்கீயின் செயலொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. நோயுற்றபோது நேர்ந்துகொண்டபடி, மேற்குத் திசையிலிருந்து வந்து சிலுவைப் படையினரிடம் சிறைப்பட்டவரை மீட்க 12,000 தீனார்களை அவர் அனுப்பினார். மீட்கப்பட்டோரில் சிலர் அவருடைய நாட்டினர் என அறிந்ததும், அவர்களை விடுத்து மேற்குத் திசையினரையே மீட்குமாறு பணித்தார். இவர்களை மீட்க உற்றாரும் அண்டை அயலாரும் உள்ளனர்; அவர்களுக்கோ இங்கு எவருமில்லை என்பது அவர் கூறிய காரணம்.

இன்று வெளிநாடு செல்லும் தொழிலாளருக்காக இந்திய அரசு 2003இல் ஒரு காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கியது. தூதரகங்களில் 2009இல் ஏற்படுத்தப்பட்ட சமூக நல நிதி, அவசர மருத்துவத்துக்கும் ஊர் திரும்பும் பயணத்துக்கும் உதவுகிறது. இவற்றை அறியாமலே அல்லலுறுவோர் பலர். கேட்க நாணுவோர் அவரினும் பலர். இஸ்கந்தரிய்யா அனுப்பியதுபோல் அவர்களைத் தேடிச் சென்று விசாரிக்கும் ஆள் இன்றும் தேவை. நம் ஜமாஅத்துகள் ஜகாத்தைப் பங்கிடும்போது எட்டாம் பிரிவை, ஒட்டகக் காலத்தோடு மறைந்துபோன ஒன்றாகக் கருதி விட்டுவிடுகின்றன. ஊதியம் மறுக்கப்பட்டு, கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் கிடக்க, பயணச்சீட்டுக்கு வழியின்றி நிற்கும் நம் ஊர் இளைஞன் இப்னுஸ் ஸபீல் அன்றி வேறு யார்?

மற்றொன்றும் உண்டு. வங்காளத்திலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்து நம் ஊர்களில் கட்டடம் எழுப்புவோரும் உணவகங்களில் உழைப்போரும் நம்மிடையே அயலவர்களாக வாழ்கின்றனர். ஜகாத் முஸ்லிம்களுக்கே உரியது என்பது பெரும்பாலான ஃபகீஹ்களின் முடிவு. ஸதகாவுக்கும் வக்ஃபுக்கும் அவ்வரம்பு இல்லை. அவர்களுள் ஒருவர் காய்ச்சலில் கிடந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், மொழி தெரியாத வங்கியில் உடன் நிற்கவும், இறந்தால் உடலையும் கூலிப் பாக்கியையும் உரியவரிடம் சேர்க்கவும் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருவரைப் பொறுப்பாக்கலாம். அதன் செலவுக்கென ஒரு கடையின் வாடகையை வக்ஃபு செய்யலாம். நம் பிள்ளைகளுக்கு அயல்நாட்டில் கிடைக்க வேண்டும் என்று நாம் துஆ செய்யும் அதே பரிவை, நம் தெருவில் தங்கியிருக்கும் பிறர் பிள்ளைகளுக்கு நாம் முதலில் வழங்குவோமாக.